வெட்டிப் பயணம்

இமயமலையில் பைக் ஓட்டிவிட்டு வந்தவர்களிடம் கதை கேட்டால் மூன்று கணக்கு கட்டாயம் வரும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கணவாய், எத்தனை நாலா. நாலா என்றால் சாலைக்குக் குறுக்கே பாயும் ஓடை. மேலே பனி உருக உருக, மதியத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிடும். எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர், நான்கு வண்டிகள், ஒன்பது நாட்கள். சண்டிகர்வரை வண்டிகள் ரயில் பார்சலில் வந்தன. அங்கிருந்து சிம்லா, நார்கண்டா, ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, காஜா, குன்சும் கணவாய், கடைசியாக மணாலி.

இந்தக் கட்டுரை நான்காவது ஒரு கணக்கைப் பற்றியது. அந்தப் பாதையில் யார் யாருடைய சுமையைத் தூக்கினார்கள் என்ற கணக்கு.

கின்னௌரின் கீழ்ப்பகுதியில் ஆப்பிள் தோட்டங்களும் தேவதாரு மரங்களும் கூடவே வரும். பூவைத் தாண்டியதும் பச்சை என்பதே நின்றுபோகும். மழைமேகங்கள் தாண்டிவர முடியாத மலைகளுக்குப் பின்னால் போய்விடுகிறோம். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜில் வந்து விழுகிறது. அதன்பிறகு சாம்பல், காவி, மங்கலான ஊதா என்று வெறும் பாறை நிறங்கள். கிராமம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கைக்குட்டை அகலத்துக்குப் பச்சை. பனியாற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரில் பார்லியும் பட்டாணியும் விளைகின்றன.

“யாருமே கால் வைக்காத எடம்டா இது” என்றான் எங்களோடு வந்த மதுரைக்காரன். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தாபோ மடாலயம் கட்டப்பட்டது 996-இல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் மூத்தது. 46 ஆண்டுகள் கழித்து அதைப் புதுப்பித்ததாக உள்ளே ஒரு கல்வெட்டுச் செய்தி இருக்கிறது, சுவரில் மையால் எழுதப்பட்டது. மண்சுவர்தான், ஆயிரம் வருடமாக நிற்கிறது. அதைக் கட்டியவர்களும், சுவரில் வரைந்தவர்களும், மேற்குத் திபெத்திலிருந்து கம்பளி கொண்டுவந்த வியாபாரிகளும் இந்தப் பள்ளத்தாக்குகள் வழியாகத்தான் நடந்தார்கள். அந்தக் கம்பளி வந்து சேர்ந்த ராம்பூரில் இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் லாவி சந்தை கூடுகிறது. ஆளில்லாத நிலம் இல்லை இது. ஆட்கள் சுமையோடு நடந்த நிலம்.

அந்த ஆட்களை அரசாங்கம் எப்படிப் பிடித்தது என்பதிலிருந்துதான் நாங்கள் ஓட்டிய சாலையின் கதை தொடங்குகிறது.

மலையரசுகளில் ‘பேகார்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. அரசருக்கோ அதிகாரிக்கோ வேலை என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் போகவேண்டும். கூலி கிடையாது, அல்லது பெயருக்குக் கொஞ்சம். ஆங்கிலேயர்கள் வந்து சிம்லாவைக் கோடைத் தலைநகராக்கியதும் இந்த வழக்கம் பல மடங்கு வீங்கியது. துரைகள் நடந்துபோனார்கள், அவர்களுடைய கூடாரம், கட்டில், புத்தகப்பெட்டி, பாத்திரபண்டம் எல்லாம் மனித முதுகில் போயிற்று. ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒரு கிராமத்து ஆட்கள், அதற்கடுத்த தூரத்துக்கு அடுத்த கிராமத்து ஆட்கள். துரை வருகிறார் என்று சேதி வந்தால் ஊர்த் தலைவர் ஆள் திரட்டியாக வேண்டும். மலையில் விதைக்கவும் அறுக்கவும் சில வாரங்கள்தான் கிடைக்கும். துரைகளுக்கு நடக்கத் தோதான மாதங்களும் அவையேதான்.

1850-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இந்துஸ்தான்–திபெத் சாலையைத் தொடங்கிவைத்தார். சமவெளியிலிருந்து சிம்லா வழியாகத் திபெத் எல்லைவரை. வியாபாரம் பெருகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. நல்ல பாதை இருந்தால் கோவேறு கழுதைகள் சுமக்கும், மனிதர்கள் சுமக்க வேண்டியதில்லை, பேகார் தானாக ஒழியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையை வெட்டுவதற்கு ஆட்களை அனுப்பவேண்டிய பொறுப்பு மலையரசுகள் தலையில் விழுந்தது. பேகாரை ஒழிக்கும் சாலையைப் பேகாரை வைத்தே போட்டார்கள். சாலை வந்தபிறகும் அது ஒழியவில்லை. பாதை வசதியானதும் கூடுதலாகத் துரைகள் வந்தார்கள், கூடுதலாகப் பெட்டிகளும் வந்தன.

கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலின் கடைசிப் பகுதி இந்த மலைகளில்தான் நடக்கிறது. அதில் ஒரு ரஷ்யன் லாமாவை அடித்துவிடுகிறான். சுமைதூக்கிகள் மூட்டைகளோடு இரவோடிரவாக ஓடிவிடுகிறார்கள். வரைபடம், கருவி, கடிதம் எல்லாம் போய், இரண்டு ஒற்றர்களும் மலையில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஒற்றர் கதையாகப் படிக்கும்போது அது ஒரு திருப்பம், அவ்வளவுதான். பேகாரின் வரலாறு தெரிந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. துரை என்பவர் எவ்வளவு பேருடைய முதுகின்மேல் நின்றுகொண்டிருந்தார் என்பது ஒரே ராத்திரியில் தெரிந்துவிடுகிறது.

நிஜத்தில் சுமைகள் கீழே வைக்கப்பட்டது 1921-இல், நார்கண்டாவைத் தாண்டி வரும் கோட்கர் பகுதியில். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904-இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியா வந்து, கோட்கரில் நிலம் வாங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து அங்கேயே தங்கிவிட்டார். பேகாருக்கு எதிராக அவர் பத்திரிகைகளில் எழுதினார், ஊர் மக்களைத் திரட்டினார். மக்கள் ஒன்றாக மறுத்ததும் அரசு பணிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டோக்ஸ் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். இன்று அவரை ஆப்பிள் கொண்டுவந்தவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து அவர் வரவழைத்த ஆப்பிள் ரகங்கள்தான் அந்தப் பக்கத்தைப் பணக்காரப் பகுதியாக்கின. இன்னொரு வேலையையும் அவர் செய்தார் என்று சேர்த்துச் சொல்லலாம்.

பின்னாளில் அரசியலமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. ஆங்கில மூலத்திலேயே ‘பேகார்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதை மொழிபெயர்க்கவில்லை.

தமிழில் அதற்குச் சொல் தேட வேண்டியதும் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ இதுதான். ஊருக்கோ அரசுக்கோ கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலை. பக்கத்துத் தெலுங்கிலும் அதே ‘வெட்டி’. இன்றைக்கு அந்தச் சொல் நம் வாயில் எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். ‘வெட்டியா ஊர் சுத்துறான்’ என்றால் வேலை இல்லாதவன் என்று அர்த்தம். ஒருகாலத்தில் வேலை செய்தே சாகிறவனைக் குறித்த சொல்!

நாங்கள் ஓட்டியது டல்ஹௌசியின் பாதை இல்லை. அது இப்போது அங்கங்கே மேலே ஒரு கோடாகத் தெரிகிறது. கார், லாரி போகிற சாலை பெரும்பாலும் எல்லைப் பதற்றத்தின் பிள்ளை. எல்லைச் சாலைகள் அமைப்பு 1960-இல் தொடங்கப்பட்டது, 1962-இல் சீனப்போர், அதன்பிறகு மலையைக் குடைந்து வழி போட்டார்கள். நண்பனின் புல்லட்டுக்கும் கிட்டத்தட்ட அதே பிறப்புக் கதை. 1950-களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 புல்லட்டுகள் கேட்டது. அதையொட்டித்தான் 1955-இல் அந்த வண்டியின் உற்பத்தி சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. எல்லைக்காகப் பிறந்த சாலையில் எல்லைக்காகப் பிறந்த வண்டி. நாம் அதை ஜாலிக்காக ஓட்டுகிறோம்.

எட்டாம் நாள், 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சுமைத் தாண்டி இறங்கினோம். படலுக்கும் கிராம்பூவுக்கும் நடுவே சாலை என்பது பெயருக்குத்தான். உருண்டைக் கற்கள், சேறு, மறுபடியும் கற்கள். ஒரு நாலாவின் நடுவில் மதுரைக்காரனின் வண்டி நின்றுவிட்டது. கரையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த மூன்று பேர் யாரும் கூப்பிடாமலே தண்ணீரில் இறங்கினார்கள். இரண்டு பேர் பின்னால் தள்ள, ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் காலில் ரப்பர் பூட்ஸ், மற்ற இருவருக்கும் செருப்புதான்.

புனேயில் வேலை பார்த்த நண்பனுக்கு இந்தி வரும், அவன் பேச்சுக் கொடுத்தான். ஜார்கண்டில் தும்கா பக்கமாம். ஜூனில் வந்தால் பனி விழுவதற்குள் திரும்பிவிடுவார்களாம். சற்றுத் தள்ளித் தார்ப்பாய்க் கூடாரத்தின் நிழலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூவரில் மூத்தவர் எங்களிடம் கேட்டார், “நீங்க என்ன வேலையா வந்திருக்கீங்க?”

“சும்மா, சுத்திப் பார்க்க.”

அவர் இரண்டாம் தடவையும் அதையே கேட்டார். பதில் விளங்கவில்லை போல. பணம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு மணாலியில் அது பெரிய வாக்குவாதம் ஆனது. “அவங்களுக்குச் சம்பளம் தர்றாங்கல்ல? பேகாரும் இதுவும் ஒண்ணா?” என்றான் புனேக்காரன். ஒன்றில்லை. கூலி இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வேண்டாம் என்றால் வராமல் இருக்கலாம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் கோட்கர்க்காரர்கள் சுமையைக் கீழே வைத்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் வராமல் இருந்தால் தும்காவில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. 2020 ஊரடங்கில் லடாக்கில் சிக்கிக்கொண்ட ஜார்கண்ட் சாலைத் தொழிலாளர்களை விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சில வாரங்களிலேயே தும்காவிலிருந்து ஒரு சிறப்பு ரயில், தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மறுபடி லடாக் சாலைவேலைக்குக் கிளம்பியது. இந்தமுறை மாநில அரசு தலையிட்டு, கூலி பற்றிப் பேசி முடித்தபிறகு. 1921-இல் கோட்கருக்குக் கிடைத்தது ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை. 2020-இல் தும்காவுக்குக் கிடைத்தது ‘இவ்வளவு கொடுத்தால் வருவோம்’ என்று பேசும் உரிமை. சுமை முதுகிலிருந்து இறங்கும் விதம் இப்படித்தான், ஒவ்வொரு படியாக.

மதுரைக்காரன் பயணத்தை வீடியோவாக எடுத்திருந்தான். ‘ஸ்பிதியை ஜெயிச்சோம்’ என்று தலைப்புப் போட்டு, நாலாவில் வண்டி நின்ற இடத்தை வெட்டிவிட்டு, கரையேறும் காட்சியிலிருந்து வைத்திருந்தான். அசத்தலாகத்தான் இருந்தது. “தள்ளினவங்களயும் போடேன்டா” என்றேன். “அப்போ நான் ஜெயிச்ச மாதிரியே தெரியாதேடா” என்றான்.

இந்தச் சாலையின் நூற்றெழுபது வருட வரலாற்றில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான வாக்கியம் அதுதான்.