மூன்றெழுத்து வால்

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஹார்லிக்ஸ்தான் இருக்கும் என்று நம்பித் தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் நுழைகிறவன் ஏமாந்து போவான். அதில் துவரம்பருப்பு இருக்கும். பிஸ்கட் டப்பாவில் ஊசியும் நூலும் இருக்கும். வீட்டு அம்மாளுக்கு இதனால் ஒரு குழப்பமும் கிடையாது. வெளியே ஒட்டியிருக்கும் சீட்டை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. மூடியைத் திறந்து பார்க்கிறாள், சந்தேகம் வந்தால் முகர்ந்தும் பார்த்துவிடுகிறாள்.

கம்ப்யூட்டருக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. இன்டர்நெட்டிலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் மூன்று அல்லது நான்கு எழுத்துக்கள். இதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். நான் இதை வால் என்றே சொல்லப் போகிறேன். விண்டோஸ் இந்த வாலைப் பார்த்துத்தான் வந்திருப்பது கடிதமா, படமா, பாட்டா என்று தீர்மானிக்கிறது. தன்னிடமுள்ள பதிவேட்டைப் புரட்டி, இந்த வாலுக்கு எந்தப் புரோகிராமைக் கூப்பிட வேண்டுமென்று பார்த்துக் கூப்பிடுகிறது. வால் தவறாக இருந்துவிட்டாலோ, படத்தைப் பாட்டுக்காரனிடமும் பாட்டைக் கணக்குப்பிள்ளையிடமும் கொண்டுபோய் நீட்டுகிறது. அவர்கள் கையை விரிக்கிறார்கள். "கோப்பு கெட்டுவிட்டது" என்று திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதை நம்பி, கெடாத கோப்பை அழித்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

ஏன் வாலை நம்ப வேண்டும், முகத்தைப் பார்க்கக்கூடாதா என்ற கேள்வி எனக்கு வெகு நாளாக உண்டு. அதைத் தேடிப் போனபோது கிடைத்த கதை ரஸமானது.

1960-களில் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பொரேஷன் என்ற கம்பெனி பி.டி.பி.-10 என்றொரு பெரிய இயந்திரத்தைச் செய்தது. அதன் நினைவகத்தை வரிசை வரிசையான அறைகளாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறையிலும் 36 பிட்டுகள். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று கணக்கு வைத்தால் ஓர் அறையில் ஆறு எழுத்துக்கள் அடங்கும். ஆகவே கோப்பின் பெயருக்கு ஒரு முழு அறை; அது என்ன ஜாதிக் கோப்பு என்று குறிக்க இன்னும் ஓர் அரை அறை. அரை அறையில் எத்தனை எழுத்து அடங்கும்? மூன்று. மூன்றெழுத்து வால் பிறந்தது இப்படித்தான். அதில் வேறு தத்துவம் ஒன்றும் கிடையாது, இடச் சிக்கனம்தான்.

கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில், கடற்படையின் உயர்கல்விக் கூடத்தில் காரி கில்டால் என்பவர் ஆசிரியராக இருந்தார். 1974-ம் வருஷம் சிறிய கம்ப்யூட்டர்களுக்காக அவர் சி.பி./எம். என்ற அமைப்பை எழுதினார். டிஜிட்டல் கம்பெனியின் பழக்கத்தை ஒட்டி அவரும் பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று எழுத்து என்று ஒதுக்கினார். நடுவிலுள்ள புள்ளியை வட்டில் எழுதுவதுகூட இல்லை. நம் கண்ணுக்குக் காட்டும்போது இடையில் போட்டுக் காட்டுவதோடு சரி. 1980-ல் டிம் பாட்டர்சன் என்ற இளைஞர் அதை ஒட்டி வேறொன்றை எழுத, மறு வருஷம் அதை மைக்ரோஸாஃப்ட் வாங்க, அது ஐ.பி.எம். கம்ப்யூட்டரோடு 1981 ஆகஸ்டில் உலகத்துக்குள் புறப்பட்டது. எட்டும் மூன்றும் கூடவே புறப்பட்டன.

இதற்குள் வேறிடத்தில் வேறு மாதிரியாகச் சிந்தித்தவர்களும் இருந்தார்கள். பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1969-ல் பிறந்த யூனிக்ஸ், வாலை மதிக்கவே இல்லை. அதற்குப் புள்ளியும் ஓர் எழுத்துத்தான். கோப்பு என்னவென்று அறிய வேண்டுமானால் அதன் ஆரம்பத்தைப் படித்துப் பார். இதுவே யூனிக்ஸின் கட்சி. இதற்கென்றே 1973-ல் ஒரு சிறு புரோகிராம் அதில் சேர்ந்தது. புரோகிராம் கோப்புகளின் தலையில் 407 என்று ஓர் எண் இருக்கும். இதை மந்திர எண் என்றார்கள். ஆனால் அது வந்த வழியில் மந்திரம் எதுவும் இல்லை. அவர்களுடைய பி.டி.பி.-11 இயந்திரத்துக்கு அந்த எண் ஒரு கட்டளை. "முன்னாலுள்ள விவரக் குறிப்பைத் தாண்டிப் போய் வேலையைத் தொடங்கு" என்பது அதன் அர்த்தம். தாண்டுவதற்காக வைத்த படி, நாளடைவில் வீட்டின் அடையாளமாகிவிட்டது.

பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கோப்பின் நெற்றியில் ஒரு நாமம் இட்டு அனுப்பினார்கள். ஜிஃப் படத்தின் முதல் மூன்று எழுத்து அதன் பெயரே. பி.டி.எஃப். ஒரு சதவீதக் குறியோடு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு தொடங்கும். ஜேபெக் படத்தின் முதல் இரண்டு எண்கள் 255, 216. விண்டோஸ் புரோகிராம்கள் எம்.இசட். என்று தொடங்குகின்றன, மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோஸாஃப்ட் ஊழியரின் தலையெழுத்துக்கள் அவை. ஜிப் மூட்டைகள் பி.கே. என்று தொடங்கும். அவர் பில் காட்ஸ். 1989-ல் ஜிப் முறையை உலகத்துக்குத் தந்தவர். 2000-ம் வருஷம் ஏப்ரலில், மில்வாக்கி நகரில் ஒரு விடுதி அறையில் தனியாக இறந்து கிடந்தார். வயது 37.

மூன்றாவது கட்சி ஆப்பிளுடையது. 1984-ல் வந்த மாக்கின்டாஷ், பெயரில் வாலும் ஒட்டவில்லை, கோப்பின் முகத்தையும் படிக்கவில்லை. ஒவ்வொரு கோப்போடும் ஒரு தனிச் சீட்டு வைத்தது. அதில் நான்கு எழுத்தில் கோப்பின் ஜாதி, இன்னும் நான்கு எழுத்தில் அதைச் செய்த புரோகிராம். கோப்புக்குப் பெயர் என்னவாயிருந்தாலும் அது தன்னைச் செய்தவனிடமே போய்ச் சேரும். மூன்றில் மிகவும் நாகரிகமான ஏற்பாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் கடைசியில் வென்றது எது? மிகவும் எளிய வால்தான். காரணம் இதுதான்: மாக்கின்டாஷுக்குள் இருக்கும்வரை தனிச் சீட்டு பத்திரமாக இருந்தது, ஊர் விட்டு ஊர் போகும்போது தொலைந்தது. வேற்று இயந்திரங்களுக்கு அந்தச் சீட்டை வைத்துக்கொள்ள இடமே இல்லை. முகத்தைப் படிக்கிற யூனிக்ஸ் முறைக்கு ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கிற சிரமம் உண்டு. பெயர் மட்டும் எந்தப் பிரயாணத்திலும் தொலைவதில்லை; எந்த ஊர்க் காவல்காரனும் அதைப் பறிமுதல் செய்வதில்லை. 2001-ல் வந்த புதிய மாக்கில் ஆப்பிளே வாலின் பக்கம் சாய்ந்தது. 2009-ல் செய்தவன் பெயரைச் சீட்டில் பார்த்துத் திறக்கும் வழக்கத்தை விட்டுவிட்டது.

இன்டர்நெட் வந்தபோது இன்னொரு சாட்சி கூடியது. நதானியல் போரென்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 1992-ல் மின்னஞ்சலுக்காக மைம் என்ற ஒழுங்கை வகுத்தார்கள். வலைத்தளங்களும் அதை எடுத்துக்கொண்டன. கோப்பை அனுப்புகிற இயந்திரம், "இது படம்", "இது புத்தகம்" என்று முன்னாலேயே சொல்லி அனுப்ப வேண்டும். அனுப்புகிறவனுக்கே தெரியாவிட்டால்? 2007-ல் வேர்ட் கோப்புகளின் வால் டாக் என்பதிலிருந்து டாக்ஸ் ஆனபோது அப்படித்தான் நடந்தது. புதிய வாலைப் பழைய இயந்திரங்கள் பலவற்றுக்குச் சொல்லி வைக்கவில்லை. டாக்ஸ் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை, நெற்றியில் பி.கே. அதைப் பார்த்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர், ஜிப் என்ற வாலை ஒட்டி இறக்கிக் கொடுத்தது. கடிதம் கேட்டவர்கள் மூட்டையை அவிழ்த்து, உள்ளே கிடந்த துண்டு துண்டான கோப்புகளைக் கண்டு திகைத்தார்கள். வாலை டாக்ஸ் என்று திருத்தினால் போதும், கடிதம் திறந்திருக்கும். நான் பதிப்பாளருக்கு அனுப்புகிற நாவல்களும் டாக்ஸ் கோப்புகளே. ஒவ்வொன்றின் முதல் இரண்டு எழுத்தும், மில்வாக்கியில் தனியாக இறந்த அந்த மனிதருடைய பெயரின் எழுத்துக்கள்.

வாலை நம்புவது ஒன்று. நம்பச் சொல்லிவிட்டு அதை மறைத்து வைப்பது வேறொன்று. 1995-ல் வந்த விண்டோஸ் 95, தனக்குத் தெரிந்த வால்களைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்தது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான். 2000-ம் வருஷம் மே 4-ம் தேதி அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல், "உன்னைக் காதலிக்கிறேன்" என்ற தலைப்போடு உலகமெங்கும் போயிற்று. கூடவே ஒரு காதல் கடிதம். அதன் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவதாகத் தெரிந்தது. சாதாரண எழுத்துக் கோப்பு என்று அர்த்தம். அதற்கும் பின்னால் வி.பி.எஸ். என்ற இரண்டாவது வால் மறைந்திருந்தது. அது கடிதம் அல்ல, புரோகிராம். திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்திலிருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிற்று. ஜேபெக் படங்களை அழித்து அவற்றின் இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் மின்னஞ்சலை நிறுத்த வேண்டியதாயிற்று. பிலிப்பைன்ஸில் இதைத் தண்டிக்க அப்போது சட்டமே இல்லை. ஜூனில்தான் சட்டம் வந்தது. இத்தனைக்குப் பிறகும், விண்டோஸ் இன்றைக்கும் வாலை மறைத்துத்தான் தருகிறது! நாமே அமைப்பைத் தேடிப் போய், "வாலைக் காட்டு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் வாலின் மேல் போட்டுவிடவும் கூடாது. எனக்குத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் தம் பெண்ணின் சான்றிதழை ஓர் அலுவலகத்தின் வலைத்தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார். கல்லூரியில் சேர மறுநாள் கடைசி நாள். பி.டி.எஃப். என்ற வால் சரியாகத்தான் இருந்தது, கோப்புத்தான் திறக்கவில்லை. அவர் வாலை டாக் என்றார், ஜேபெக் என்றார், எதற்கும் அது மசியவில்லை.

"என்ன சார் இது! எந்த வாலை ஒட்டினாலும் திறக்க மாட்டேன் என்கிறதே!" என்றார்.

கோப்பை நோட்பேடில் திறந்தோம். பி.டி.எஃப்.பின் நாமம் அங்கே இல்லை. ஒரு வலைப்பக்கம் இருந்தது. அதன் நடுவில், "உங்கள் நேரம் முடிந்துவிட்டது; மறுபடியும் உள்ளே வரவும்" என்று ஒரு வரி. சான்றிதழின் பெயரில் அந்த மன்னிப்புச் சீட்டு வந்து இறங்கியிருக்கிறது! மறுபடியும் உள்ளே போய் இறக்கியதும் உண்மையான சான்றிதழ் கிடைத்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

ஆகவே நோய் மூன்று வகை. வால் தவறாக இருந்தால் வாலைத் திருத்த வேண்டும். வால் சரியாக இருந்து வேறு புரோகிராம் வந்து நின்றால், திருத்த வேண்டியது பதிவேட்டை. கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, எதைக் கொண்டு திறப்பது என்று தேர்ந்தெடுத்து, எப்போதும் அப்படியே என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. உள்ளேயே வேறு சரக்கு இருந்தால் இந்த இரண்டு வைத்தியமும் பலிக்காது; சரியான சரக்கைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். எது எந்த நோய் என்று அறிய, கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஜேபெக் படத்துக்கு பி.டி.எஃப். என்று பெயர் வைத்தால் அது புத்தகமாகிவிடாது. பொன்னம்மாள் என்று பெயர் வைத்ததனால் கழுத்தில் பொன் ஏறிவிடுகிறதா?

குழந்தையின் முதல் புகைப்படமும், இறந்துபோனவர்களின் குரலும் இன்று நம் வீடுகளில் கோப்புகளாகத்தான் இருக்கின்றன. "கெட்டுவிட்டது" என்ற ஒரு வரியை நம்பி அவற்றைத் தூக்கியெறிந்து விடாதீர்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது அவை அல்ல. அறுபது வருஷங்களுக்கு முன் ஓர் இயந்திரத்தில் அரை அறைதான் ஒதுக்க முடிந்தது. அந்த அரை அறைக்குள் எழுதிய மூன்றெழுத்தைக் கொண்டுதான் இன்னும் நம் இயந்திரங்கள் உலகத்தை அடையாளம் கண்டுகொண்டிருக்கின்றன.