கொல்லையில் குடியேறிய பரங்கியர்

வீட்டுத்தோட்டம் போடறவங்ககிட்ட "என்னென்ன வச்சிருக்கீங்க?"னு கேட்டுப் பாருங்க. தக்காளி, மிளகாய், கொய்யா, பப்பாளி, இடமிருந்தா ஒரு பரங்கிக்கொடி. பதில் பெரும்பாலும் இதுதான். வேடிக்கை என்னன்னா, இந்த அஞ்சுல ஒண்ணுகூட ராஜராஜ சோழன் கண்ணால் பார்த்தது கிடையாது! எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. 1492-ல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கடல் தாண்டின.

பெயரைக் கொஞ்சம் நோண்டினாலே கதை வெளியே வந்துடும். கொய்யாவும் பப்பாளியும் போர்ச்சுகீசியர் வாயிலிருந்து வந்த சொற்கள். பரங்கிக்காய்க்கு விளக்கமே வேண்டாம், வெள்ளைக்காரன் முத்திரையோடவே சுத்துது. வான் ரீட் என்ற டச்சு கவர்னர் கொச்சியில் இருந்தபோது தொகுத்த 'ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்' மலபார் தாவரங்களைப் பற்றிய 12 தொகுதிப் புத்தகம். 1678-ல் வந்த முதல் தொகுதியிலேயே பப்பாளி இருக்கு. அதுக்குள்ள உள்ளூர் மரமாவே ஆயாச்சு.

என் ஃபேவரிட் மிளகாய்தான். மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால மிளகாய். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே மிளகு மாதிரியான சரக்குக்காக. மிளகை ஏத்திக்கிட்டுப் போன அதே ஆட்கள், பின்னாடி மிளகாயை இறக்கிட்டுப் போனாங்க. மிளகுக்கொடிக்கு நல்ல மழையும் மலைச்சரிவும் வேணும். மிளகாய்க்கு உடைஞ்ச பானை போதும். காசு கொடுத்து வாங்கின காரம் கொல்லையிலேயே காய்ச்சா யார்தான் விடுவாங்க? மிளகு ரசத்துக்கும் வெண்பொங்கலுக்கும் ஒதுங்கிடுச்சு.

தக்காளி வெள்ளைக்காரன் காலத்துலதான் பரவுச்சு. முதல்ல அதுக்குப் பேரு 'சீமைத் தக்காளி'. அப்புறம் சீமை உதிர்ந்து போச்சு. தக்காளிங்கிற பேரு ஏற்கெனவே நம்ம மணத்தக்காளி வகையறாவோடது. என் மாடியில தக்காளிப் பையில மணத்தக்காளி தானா முளைக்குது, பேரைத் திருப்பிக் கேட்க வந்த மாதிரி :-)

இவங்களை இன்னும் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கிற இடம் ஒண்ணு உண்டு. பல வீடுகளில் திவசச் சமையல்ல தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, கோஸ் எதுவும் சேர்க்க மாட்டாங்க. காரத்துக்கு மிளகு, காய்க்கு வாழைக்காய், புடலை, பாகல், அவரை. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின சமையல்கட்டைப் பார்க்கணும்னா கல்வெட்டைவிட அந்த இலை எனக்கு நெருக்கமா இருக்கு. ஆனா அதைச் சுத்தமான ஆவணம்னு எடுத்துக்கவும் முடியாது. முருங்கை அசல் இந்திய மரம், அதையும் பல வீட்டுல சேர்க்கறதில்லை. சர்க்கரைவள்ளி அமெரிக்கா, அது சில வீட்டு இலையில ஜம்முன்னு உட்கார்ந்திருக்கு! வள்ளிக்கிழங்குங்கிற பேரு சங்க காலத்துலயே உண்டு. அந்தப் பழைய பேரைப் போட்டுக்கிட்டு உள்ளே நுழைஞ்சிருக்கும்ங்கிறது என் ஊகம்.

பாட்டிகிட்ட கேட்டேன், "தக்காளி ஆகாதுன்னா சர்க்கரைவள்ளி மட்டும் எப்படிப் பாட்டி?"

"அது மண்ணுக்குள்ள இருந்துதுடா, யாரு பார்த்தா?"