இல்லத்துக் கல்வியும் கல்லூரி வாயிலும்

பெங்களூரில் இன்று தொம்மலூர் என வழங்கும் பகுதியில் சொக்கநாதசுவாமி கோயில் ஒன்று இருக்கிறது. அக்கோயிலின் கற்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் காணப்படுகிறது. ஆகவே தொம்மலூரில் வாழும் தமிழர் தம்மை நேற்று வந்தவர் என்று எண்ணிக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் கல்வெட்டைப் பற்றிப் பேச நாம் இன்று முற்படவில்லை. கல்லில் எழுத்து நிலைத்துவிட்டது. பிள்ளைகளின் நாவிலும் கையிலும் அது நிலைக்குமா என்பதே வெளிமாநிலத்தில் வாழும் நம்மவரின் கவலை. அக்கவலையை ஒட்டியே ஒரு வகைக் கல்விமுறையின் வரலாற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

பெங்களூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் சில உண்டு. அவற்றுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. மகனோ மகளோ பன்னிரண்டு வயதைத் தாண்டும்வரை பெற்றோரின் அறிவு போதுமானதாக இருக்கும். பிறகு அல்ஜீப்ராவும் இரசாயனமும் வந்து குறுக்கே நிற்கும். தாய் எத்துணைப் படித்தவராயினும் எல்லாப் பாடத்தையும் அவர் ஒருவரே கற்பித்தல் அரிது. கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பிள்ளையை அந்நிலையில் யார் தயார் செய்வது?

இவ்வினாவுக்கு அமெரிக்கக் கிறிஸ்தவர் கண்ட விடை ஒன்று உண்டு. அந்நாட்டில் 1980-களின் தொடக்கத்தில் கூட வீட்டுக் கல்வி பல மாநிலங்களில் சட்டத்தின் ஐயப்பார்வைக்கு உட்பட்டிருந்தது. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அதற்கு இசைவு கிடைத்துவிட்டது. வேத நூலை மையமாகக் கொண்டு பிள்ளைகளை வளர்க்க விரும்பிய பெற்றோர் பலர் அவ்வழியில் சென்றனர். அப்பிள்ளைகள் வளர்ந்தபோது பல குடும்பங்கள் கூடி ஆசிரியர்களை அமர்த்தின. வாரத்தில் ஒருநாளோ இருநாளோ, பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டிய அறைகளில், வகுப்பு நடக்கும். மற்ற நாட்களுக்குரிய வேலையை ஆசிரியர் பகுத்துக் கொடுத்துவிடுவார். பிள்ளை அதை வீட்டில் செய்து முடிக்கும். பொறுப்பு பெற்றோருடையது, பாடம் ஆசிரியருடையது. ‘டுடோரியல்’ என்பது இதற்குப் பெயர். நம் ஊரில் டுடோரியல் காலேஜ் என்றால் பரீட்சையில் தவறியவர் சேருமிடம் என்றொரு ஏளனம் உண்டு. அந்த ஏளனத்தை இங்கே மறந்துவிட வேண்டும்.

இஃது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான புதுமை என்று சொல்வாரும் உளர். பாதி உண்மை. வீட்டில் கற்ற பிள்ளையை வெளியாசிரியர் ஒருவர் கைப்பிடித்துக் கல்லூரி வாயில்வரை கொண்டுவந்து விடுவது நம் நாட்டில் நூறாண்டுக்கு முன்பே, அதுவும் கிறிஸ்தவ இல்லங்களில், நடந்திருக்கிறது. அக்காலத்தில் அவ்வாறு கற்றவர் பெரும்பாலும் பெண்களே. பள்ளி அவர்களுக்கு எளிதில் எட்டாததால் வீடு பள்ளியாயிற்று. 1850-களில் கல்கத்தாவில் வேரூன்றிய ஜெனானா ஊழியம், அதாவது மிஷன் ஆசிரியைகள் வீடுகளுக்குள் சென்று பெண்களுக்கு எழுத்தும் எண்ணும் தையலும் கற்பித்த முறை, சென்னை மாகாணத்திலும் பரவியது. சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் போதகராக இருந்த டபிள்யூ. டி. சத்தியநாதனின் துணைவியார் அன்னா அம்மையார் இப்பணியில் புகழ் பெற்றவர். திருநெல்வேலிச் சீமையின் ஜான் தேவசகாயம் ஐயரின் மகளான அவர், கற்பித்தலைப் பிறந்த வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர்.

அவ்வம்மையாரின் இல்லத்துக்கு 1878-இல் ஒரு பதினாறு வயதுப் பெண் வந்து சேர்ந்தாள். பெயர் கிருபாபாய். அகமத்நகரில் 1862-இல் பிறந்த மராத்தியப் பெண். பிராமண குலத்திலிருந்து கிறிஸ்தவராக மாறிய ஹரிபந்த் என்பார் அவளுடைய தந்தை. அவள் சிறுமியாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். நூல்களின் சுவையை அவளுக்குக் காட்டியவர் மூத்த தமையன் பாஸ்கர். அவரே முதல் ஆசிரியர், அவரே நூலகம். அந்தத் தமையனும் இளமையிலேயே காலமானார்.

இவ்விடத்தில் நாம் சிறிது நிற்க வேண்டும். வீட்டுக் கல்வியின் பெருமையும் ஆபத்தும் இந்த ஒரு மரணத்தில் அடங்கியிருக்கின்றன. ஒருவர் அன்பால் ஏற்றிய விளக்கு அது. அவர் போனால் எண்ணெய் வார்க்க ஆளில்லை. கிருபாபாயின் கல்வி அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமற் போனதற்குக் காரணம் வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மிஷன் பெண்மணிகள் இருவர் அவளைச் சிலகாலம் தம் பொறுப்பில் ஏற்றனர். பின்னர் பம்பாயில் ஜெனானா மிஷன் நடத்திய விடுதிப் பள்ளியில் அவள் சேர்ந்தாள். அங்கே மருத்துவம் பயிலும் ஆவல் பிறந்தது. இங்கிலாந்து செல்ல வாய்ப்பு வந்தும் உடல்நிலை இடம் தரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875 முதலே பெண்களைச் சேர்த்துவந்தது. எனவே சென்னைக்கு வந்தாள். தங்குவதற்குச் சத்தியநாதனின் வீடு கிடைத்தது.

முதலாண்டில் அவள் நன்றாகவே பயின்றாள். ஆனால் உடல் தளர்ந்தது, படிப்பு நின்றது. 1883-இல் போதகரின் மகன் சாமுவேலை மணந்து உதகமண்டலம் சென்றபின், அங்கே முஸ்லிம் சிறுமியருக்கென ஒரு பள்ளி தொடங்கினார். வீடுகளுக்குச் சென்றும் கற்பித்தார். தாம் பெற்றதையே திருப்பிக் கொடுத்தார் எனலாம். பின்னர் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’, ‘கமலா’ என்னும் இரு நாவல்களும் தமிழில் பெயர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது தனி மகிழ்ச்சி தரும் செய்தி. மராத்தியப் பெண் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழ்ப் பெண்கள் வீட்டிலிருந்தே படித்தார்கள் அல்லவா! 1894-இல் அவர் மறைந்தபோது வயது முப்பத்திரண்டு. சாமுவேல் பின்னர் மணந்த கமலா அம்மையாரும் பட்டதாரி. 1901-இல் பெண்களுக்கென ஆங்கிலத் திங்களிதழ் தொடங்கியவர். கணவர் மறைந்தபின் பிட்டாபுரம் அரசியாருக்கு ஆசிரியையாகவும் இருந்தார். வீட்டுக்குள் நுழையும் ஆசிரியை என்னும் மரபு அக்குடும்பத்தை விடவே இல்லை.

இனி, பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1857-இல் சென்னைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டபின், மெட்ரிகுலேஷன் தேர்வே கல்லூரியின் வாயிலாயிற்று. 1916-இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றும்வரை பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் சென்னைக்கே கட்டுப்பட்டிருந்தது. அதனால் தொம்மலூர்ப் பக்கத்துப் பையனுக்கும் சென்னை வினாத்தாளே விதி. இத்தேர்வு கடுமையானது என்று குறை சொல்வர். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. பிரைவேட்டாக எழுதுவோருக்கும் அதில் இடமிருந்தது. எங்கே கற்றாய் என்பதைவிட என்ன கற்றாய் என்பதையே அது முதன்மையாகக் கேட்டது.

அந்த நன்மையை முழுதும் பயன்படுத்திக்கொண்டவர் கிறிஸ்தவர் அல்லர். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார். பருவமடைந்ததும் அக்கால வழக்கப்படி பள்ளிக்குச் செல்வது நின்றது. தந்தையார் நாராயணசாமி ஐயர் வீட்டில் வைத்தே கற்பித்தார். 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் இசைவு பெற்றே இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். கிருபாபாய் நுழைந்தும் முடிக்க இயலாத அதே கல்லூரி. அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் எழுந்ததற்கு மூலகாரணமும் இவரே. தந்தை கல்லூரியோடு தொடர்புடையவராக இல்லாதிருந்தால் இத்துணையும் நடந்திருக்குமா? நமக்கு ஐயமே. எல்லா வீட்டிலும் அத்தகைய தந்தை இல்லை. அதனால்தான் பல குடும்பங்கள் ஒன்றுகூடி ஆசிரியரைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வியை வகுத்தது. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவுமில்லை, பெயர் சொல்லி விலக்கவுமில்லை. பதினான்கு வயது நிறைந்தவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகம் வழிவிடுகிறது. 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமான அமைப்பு இது. ஐந்து பாடங்களில் தேறினால் பத்தாம் வகுப்புச் சான்று கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது. ஐந்தாண்டுக்குள் ஒன்பது முறைவரை எழுதலாம். ஒரு பாடத்தை இப்போதும் மற்றொன்றைப் பிறகும் எழுதித் தேறவும் தடையில்லை. கல்வி மையங்களில் நேர்முக வகுப்புகளும் உண்டு. சர்க்கார் நடத்தும் டுடோரியல் என்று அவற்றைச் சொன்னால் தவறாகாது.

வீட்டுக் கல்வியில் நமக்கு முழு உடன்பாடு உண்டென்று சொல்வதற்கில்லை. வேறு சாதி, வேறு சமயம், வேறு மொழிப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமரும் பழக்கத்தை எந்தப் பாடப் புத்தகமும் தராது. ஒரே சமயத்தாருக்கென அமைந்த குழுவில் அந்தக் குறை மேலும் மிகும். அச்சகோதரர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அவர்களிடம் நாம் பொறாமை கொள்ளத்தக்க ஒன்றும் இருக்கிறது. பாட அட்டவணை அவர்கள் கையில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாகி, இந்தூரிலும் நாகபுரியிலும் தொம்மலூரிலும் பிள்ளைகளைப் பள்ளி மாற்றிச் சேர்க்கும் மத்திய சர்க்கார் ஊழியர் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் முதலில் உதிர்வது தமிழ். அந்தப் பள்ளியில் தமிழாசிரியர் இல்லை என்ற ஒரே காரணத்தால் உதிர்வது.

அட்டவணை தம் கையில் இருந்தும் தமிழுக்கு மணி ஒதுக்காத தமிழ்ப் பெற்றோரும் இருக்கக்கூடும். கல்லூரிக்குத் தமிழ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. மேலே சொன்ன திறந்தநிலைத் தேர்வில் தமிழையும் ஒரு மொழிப்பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் பெறும் மதிப்பெண்ணும் சான்றிதழில் மற்றப் பாடங்களோடு சரிநிகராக ஏறும். வாரத்தில் ஒருநாள் நான்கைந்து குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்தால் போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை அவ்வட்டாரத்திலேயே தேடிப் பிடித்துவிடலாம். விண்ணப்பத்தில் பாடங்களைக் குறிக்கும்போதே தமிழையும் குறித்துவிடுவது நலம்.