கப்பி ரோடும் தார் ரோடும்: தமிழகக் கிராமச் சாலைகள்

சென்னை மாகாணத்தின் உள்ளூர்ச் சாலைகளுக்கு 1871-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் வழிவகை செய்தது. நிலத்தின் மீது விதித்த தீர்வை அதற்குப் பயன்பட்டது. 1884-இல் வந்த சட்டம் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் அமைத்து, சாலைப் பொறுப்பை அவற்றிடம் ஒப்படைத்தது.

அக்காலத்தில் நல்ல சாலை என்றால் கப்பி ரோடுதான். உடைத்த கருங்கல் ஜல்லியைப் பரப்பி, கிராவல் தூவி, தண்ணீர் விட்டு, உருளையால் இறுக்குவார்கள். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை ஜல்லியை நொறுக்கும். அந்தத் தூளே மழையில் நனைந்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ரப்பர் டயரில் விரைந்த மோட்டார்களோ தூளை உறிஞ்சி இறைத்துவிட்டன. பிடிப்பு போன ஜல்லி பெயர்ந்தது. தார் அவசியமானது இதனால்தான்.

சாலை வளர்ச்சியை ஆராய 1927-இல் அமைந்த ஜெயகர் குழுவின் பரிந்துரையை அடுத்து, பெட்ரோல் மீதான கூடுதல் வரியைக் கொண்டு 1929-இல் மத்திய சாலை நிதி உருவானது. 1943-இன் நாக்பூர் சாலைத் திட்டம் கிராமச் சாலைகளைத் தனி வகையாகவே வைத்துத் திட்டமிட்டது. 1946-இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனித்துறையானது; 1957-இல் கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஜில்லா போர்டுகள் மறைந்தபின், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த ஊராட்சி ஒன்றியங்கள் ஊர்ச் சாலைகளை ஏற்றன.

2000 டிசம்பர் 25-இல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும், சாலையில்லாத குடியிருப்புகளை இணைப்பது அதன் இலக்கு. கெட்டித்த மண், அதன்மேல் கிராவல் அடுக்கு, இரண்டு ஜல்லி அடுக்குகள், மேலே 20 மில்லிமீட்டர் தார்க் கலவை என்பது இத்தகைய சாலையின் வழக்கமான அமைப்பு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பூசித் தாருடன் கலக்கும் முறையைக் கண்டார். தமிழகக் கிராமச் சாலைகள் பலவற்றில் அது பயன்பட்டது.

எந்த முறையில் போட்டாலும் சாலைக்கு முதல் எதிரி தண்ணீர். சாலையோர மண் தார்ப்பரப்பைவிட உயர்ந்தால் மழைநீர் வடியாது. தேங்கும் நீர் விரிசல் வழியே இறங்கி அடிமண்ணை இளக்கும். அதன்மேல் ஒரு லாரி ஏறினால் குழி விழும். ஐப்பசி மழைக்கு முன் ஓரத்தைச் செதுக்கி, சிறுபாலங்களின் அடைப்பை எடுத்து, சிறு குழிகளை உடனே அடைத்தால் செலவு குறைவு. இது மண்வெட்டியும் ஆளும் வேண்டும் வேலை. இத்தகைய வேலைக்காக 1997-இல் நெடுஞ்சாலைத் துறை ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை நியமித்தது. 2002-இல் நீக்கப்பட்ட அவர்கள் 2006-இல் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர்.

பிரதமரின் திட்டச் சாலையை, போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அதற்கான நிதியும், அதற்குப் பிந்தைய பொறுப்பும் மாநில அரசுடையவை. போடும் பணத்தோடு பராமரிப்புப் பணமும் ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கப்பட்டால்தான் கிராமத்துக்குச் சாலை நிலைக்கும்.