மூளை எழுதிய கோடு

வகுப்பில் ஒரு பிள்ளை சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்கும். கவனமில்லை என்று ஏசிவிடுகிறோம். சில வேளை அது ஒருவகை வலிப்பு. அதைக் காட்டித் தருவது ‘ஈஈஜி’ பரிசோதனை. அதன் பின்னால் ஹான்ஸ் பேர்கர் என்ற ஜேர்மனிய வைத்தியரின் பொறுமை இருக்கிறது.

இளவயதில் இராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே நலம் விசாரித்து வீட்டிலிருந்து தந்தி வந்தது. தொலைவிலிருந்த சகோதரிக்கு மனதில் ஏதோ பட்டிருந்தது. மனதிலிருந்து மனதுக்குச் செய்தி போகுமா என்று தேடவே மருத்துவம் படித்தார்.

ஜெனா நகரில் நீண்ட கால முயற்சிக்குப் பின், 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். உடனே அறிவிக்கவில்லை. இதயத்துடிப்போ, தசையசைவோ ஏமாற்றுகிறதா என்று 5 வருடங்கள் சோதித்தார். சொந்த மகனின் தலையிலும் பதிந்து பார்த்தார். 1929இல் வெளியிட்டபோது நம்பியவர்கள் குறைவு. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூஸும் செய்து காட்டிய பிறகே உலகம் ஏற்றது. அடுத்த வருடமே அமெரிக்க ஆய்வாளர்கள், அந்த வெறித்த பார்வை வலிப்பின்போது விநாடிக்கு சுமார் 3 தடவை எழும் அலையைக் கண்டார்கள்.

பேர்கர் தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தது நம் பிள்ளைகளுக்கு உதவுகிறது. அப்படியொரு பிள்ளையைக் கண்டால் ஏசாமல், பெற்றோரிடம் சொல்லி வைத்தியரிடம் அனுப்புவோம்.