விபத்தும் நஷ்டஈடும்

வண்டி விபத்து என்பது மோட்டார் யுகத்தோடு பிறந்த சங்கடம் என்று நினைப்பவர்கள் மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தால் வியப்படைவார்கள். மாட்டின் மூக்கணாங்கயிறு அறுந்தாலோ, நுகத்தடி முறிந்தாலோ, அச்சோ சக்கரமோ உடைந்தாலோ, விலகும்படி உரக்கக் கூவிய பிறகும் ஒருவன் விலகாமல் நின்றாலோ வண்டிக்காரன்மீது குற்றமில்லை என்றும், ஓட்டத் தெரியாதவனை அமர்த்தியதால் வண்டி தடம் புரண்டு சேதம் விளைந்தால் வண்டியின் சொந்தக்காரனே 200 பணம் தண்டம் செலுத்தவேண்டும் என்றும், ஓட்டுபவன் தேர்ந்தவனாயிருந்தும் அஜாக்கிரதையாக நடந்துகொண்டால் தண்டம் அவனையே சாரும் என்றும் அங்கே விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. வேலைக்காரனின் பிழைக்கு எஜமானன் எவ்வளவு தூரம் பொறுப்பு, வண்டியின் கோளாறு எப்போது மன்னிக்கத்தக்கது என்று இன்றைய வக்கீல்கள் வாதிடும் இரண்டு பெரிய விஷயங்களும் அந்தச் சில சுலோகங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆனால், சக்கரத்தின் கீழ் விழுந்து மாண்டவனை நம்பியிருந்த மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மறுநாள் அடுப்பு எப்படி எரியும் என்பதைப் பற்றி அவ்விதிகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எழுப்புவதற்கும், எழுப்பிய பின் விடை காண்பதற்கும் சட்டம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது.

நமக்கு வாய்த்த சட்டம் ஆங்கிலேயரின் சட்டம். அந்தச் சட்டமோ இந்த விஷயத்தில் நெடுங்காலம் கல்நெஞ்சமுடையதாகவே இருந்தது. 1808-இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. குதிரை பூட்டிய பிரயாண வண்டியின் மேற்கூரையில் மனைவியோடு அமர்ந்து சென்ற ஒருவர், அவ்வண்டி குடைசாய்ந்ததால் காயமுற்றார். அவருடைய மனைவி ஏறத்தாழ ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் நீத்தாள். மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே கணவர் நஷ்டம் கேட்கலாம், அவள் மூச்சு நின்ற கணத்தோடு அவருடைய உரிமையும் நின்றுவிட்டது, ஏனெனில் ஒரு மனிதனின் மரணம் சிவில் நீதிஸ்தலத்தில் முறையிடத்தக்க தீங்கு ஆகாது என்று எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். காயப்படுத்தியவன் பணம் கட்டவேண்டும், கொன்றவனோ கட்டவேண்டியதில்லை என்ற இந்த விபரீதமான நிலை, இருப்புப் பாதைகள் பெருகி ரயில் விபத்துகளில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடியத் தொடங்கும்வரை அந்த நாட்டின் மனச்சாட்சியை உறுத்தவில்லை. 1846-இல்தான் காம்பெல் பிரபுவின் முயற்சியால் மரண விபத்துச் சட்டம் அங்கே நிறைவேறிற்று. அதன் சாயலிலேயே 1855-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் இந்தியாவுக்கு வந்தது. இறந்தவனின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் தமக்கு நேர்ந்த பொருள் நஷ்டத்தைக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம் என்பதே அதன் சாரம். சிறிய சட்டந்தான், எனினும் ஒரு நூற்றாண்டுக் காலம் இந்நாட்டு விதவைகளுக்கு அதைவிட்டால் வேறு புகலிடம் இருக்கவில்லை.

மோட்டார் வண்டிகளுக்கென்று இந்தியா முழுமைக்கும் பொதுவான முதற் சட்டம் 1914-இல் பிறந்தது. அது லைசென்ஸ், பதிவு முதலியவற்றைப் பற்றியே பெரிதும் கவலைப்பட்டது. 1939-ஆம் ஆண்டுச் சட்டமே மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்காக வண்டிக்காரர் கட்டாயம் இன்ஷூர் செய்யவேண்டும் என்ற பெரிய கொள்கையை ஏற்றது. அந்த அத்தியாயங்கூட 1946 ஜூலை 1-ஆம் தேதியன்றுதான் அமலுக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் வந்துவிட்டதே ஒழிய, பணம் பெறும் வழி பழைய வழிதான்: சப்கோர்ட்டில் தாவா, கேட்கும் தொகைக்கேற்ற கோர்ட் கட்டணம், சாட்சிகள், அப்பீல், அப்பீலின்மேல் அப்பீல்.

அந்த வழியின் நீளத்தை அறிய நம் கொங்கு நாட்டுச் சாலை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரம் வந்த மறு மாதமான 1947 செப்டம்பரில், தாராபுரத்துக்கும் பழனிக்கும் இடையே ஓடிய தனியார் பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகி, அதில் சென்ற ஒருவர் இறந்துபோனார். குடும்பத்தார் 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தார்கள். குடும்பம் இழந்த வருமானம் ஒன்று, இறந்தவருடைய ஆஸ்திக்கு நேர்ந்த நஷ்டம் மற்றொன்று, இவை இரண்டும் வெவ்வேறு உரிமைகள், ஆனால் ஒரே தொகையை இரண்டு கணக்கிலும் எழுதலாகாது என்ற தெளிவான சித்தாந்தத்தை உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் நிலைநாட்டிற்று. அகில இந்திய சட்டத் தொகுப்பின் 1962-ஆம் ஆண்டுத் தொகுதியில், உச்ச நீதிமன்றப் பகுதியின் முதற் பக்கத்தில் அத்தீர்ப்பு அச்சேறியிருக்கிறது. சட்ட மாணவர்கள் அதை நன்றியோடு படிக்கிறார்கள். ஆயினும், 1947-இல் நேர்ந்த ஒரு மரணத்துக்கான கணக்கு அறுபதுகளின் வாயிலில்தான் முடிந்தது என்பதை நினைக்கும்போது, அத்தனை ஆண்டுகளும் அந்த வீட்டுப் பிள்ளைகள் எதை உண்டு வளர்ந்தார்கள் என்ற எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

இத்தகைய தாமதத்தைக் கண்டே பாராளுமன்றம் 1956-ஆம் ஆண்டின் 100-ஆம் சட்டத்தால் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியது. 1957 பிப்ரவரி முதல் அவை செயற்படலாயின. வழக்கு என்பது மனுவாயிற்று. தீர்ப்பாயம் அமைந்த இடங்களில் சாதாரண சிவில் கோர்ட்டுகளுக்கு அவ்விஷயத்தில் அதிகாரம் இல்லாமற்போயிற்று. இன்று நம் ஜில்லாக் கோர்ட்டு வராந்தாக்களில் கைக்கட்டோடும் ஊன்றுகோலோடும் காத்திருப்பவர்களைக் கேட்டால், 'எம்.சி.ஓ.பி. போட்டிருக்கிறோம்' என்பார்கள். நஷ்டஈட்டு மனுவைக் குறிப்பதாகக் கிராமத்து மூதாட்டிகள்கூடச் சரளமாகச் சொல்லும் அந்த நான்கெழுத்துகளுக்குப் பிறப்பிடம் மேற்படி திருத்தந்தான்.

எனினும் தீர்ப்பாயத்தின் முன்னும் மனுதாரர் ஓட்டுநரின் அஜாக்கிரதையை நிரூபித்தாகவேண்டும் என்ற நிபந்தனை போகவில்லை. இரவு வேளையில் நெடுஞ்சாலையில் அடிபட்டு இறந்தவனுக்கு யார் சாட்சி? போலீஸார் தொடுத்த கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானால், 'எங்கள்மீது குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று வண்டிக்காரர்கள் வாதிடுவதும் உண்டு. நம் மாகாணத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கில், இருட்டிய பிறகு சென்ற பஸ் ஒன்று தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் மோதி 26 பேர் பாதிக்கப்பட்டார்கள்; அவர்களில் 8 பேர் அவ்விடத்திலேயே மாண்டார்கள். அது தெய்வச் செயல் என்று கிரிமினல் கோர்ட்டு டிரைவரை விடுவித்துவிட்டது. தீர்ப்பாயமோ நஷ்டஈடு வழங்கியது. 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் இவ்வழக்கை விசாரித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், ஒருவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டிய அளவு குற்றமும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிய அளவு அஜாக்கிரதையும் வேறு வேறு என்று விளக்கியதோடு, தீர்ப்பாயங்கள் நுணுக்க விதிகளில் சிக்கி ஏழைகளைக் கைவிடலாகாது என்றும், போதிய தீர்ப்பாயங்களை அமைப்பது ராஜ்ய சர்க்கார்களின் கடமை என்றும் கண்டிப்பாகக் கூறினார். நம்மவர்கள் விதியென்று தலையில் அடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடும் வழக்கத்தை மாற்றியதில் அத்தீர்ப்புக்கு உள்ள பங்கு பெரிது என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பின் வந்த மாறுதல்கள் விரைவானவை. யார் பிழை என்ற ஆராய்ச்சியின்றியே ஒரு குறைந்தபட்சத் தொகை தரவேண்டும் என்ற கொள்கை 1982 அக்டோபரில் சட்டமாயிற்று: மரணத்துக்கு ரூ. 15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ. 7,500. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாத இடத்தில், மரணத்துக்கு ரூ. 5,000 ஆறுதல் தொகையும் அப்போதே ஏற்பட்டது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும், 1994, 2019 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களும் இவற்றைப் படிப்படியாக உயர்த்தின. இப்போது பிழை ஆராயாமல் தரும் தொகை மரணத்துக்கு ரூ. 5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2½ லட்சம், இடித்துவிட்டு ஓடிய விபத்தில் முறையே ரூ. 2 லட்சம், ரூ. 50,000.

பிழையை நிரூபித்து முழு நஷ்டஈடு கோருவோருக்கு உச்ச நீதிமன்றம் 1994, 2009, 2017 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளால் ஒரு கணக்கு முறையை வகுத்துக் கொடுத்தது. முப்பது வயதுள்ள ஒரு கொத்தனார் மாதம் ரூ. 15,000 சம்பாதித்தார் என்றும், மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ. 1,80,000, எதிர்கால உயர்வுக்காக நாற்பது சதவீதம் சேர்த்தால் ரூ. 2,52,000, அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் ரூ. 1,89,000; அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17 ஆகையால், குடும்பத்தின் வருமான இழப்பு ரூ. 32,13,000. முன்பு ஒவ்வொரு நீதிபதியின் தயாளத்தையும் பொறுத்திருந்த தொகை, இப்போது படித்த எவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்காகிவிட்டது. தீர்ப்பான தொகை கைக்கு வந்து சேருவது மட்டும் வேறு கதை. சர்க்கார் போக்குவரத்துக் கழகங்கள் பணம் கட்டாமல் காலங்கடத்த, அமீனா வந்து பஸ் நிலையத்திலேயே பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது; பொதுப் பணத்தில் நடக்கும் ஸ்தாபனங்களுக்கு அது அழகன்று.

இனி மோட்டார் சைக்கிளின் விஷயம். 1955-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் பொருத்தப்படத் தொடங்கிய காலத்தில், அது பெரும்பாலும் ராணுவத்தாருக்கும் போலீஸாருக்கும் வசதியுள்ள சிலருக்கும் உரிய வாகனம். எண்பதுகளில் ஓசூரிலிருந்து மொபெடுகளும், பிறகு ஜப்பானியக் கூட்டுறவில் தயாரான சிறிய மோட்டார் சைக்கிள்களும் பெருகி, பால்காரர், கொத்தனார், குமாஸ்தா, ஆசிரியை ஆகிய அனைவரையும் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டன. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்குமேல், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆனால் 1939-இல் சட்டத்தை இயற்றியவர்கள் மனத்தில் கொண்டிருந்தது, வண்டி வைத்திருக்கும் தனவந்தன் ஒருபுறம், அதனால் இடிக்கப்படும் ஏழை மறுபுறம் என்ற சித்திரம். வண்டியின் சொந்தக்காரனே ஏழையாயிருப்பான், இடிபடுபவனும் அவனாகவே இருப்பான் என்ற நிலையை அச்சட்டம் எதிர்பார்க்கவில்லை.

ஆகையால், லாரி மோதி இறக்கும் மோட்டார் சைக்கிள்காரர் லாரியின் இன்ஷூரன்ஸுக்கு மூன்றாம் நபர். அவர் குடும்பத்துக்கு வழி உண்டு. லாரி டிரைவருக்கு லைசென்ஸ் சரியில்லாவிட்டாலும், முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு கம்பெனிக்கு உத்தரவிடும் வழக்கம் இருக்கிறது. அதே மனிதர் மணலில் சறுக்கியோ, குழியில் இறங்கியோ, தாமாக விழுந்து இறந்தால், அவருடைய சொந்த வண்டியின் மூன்றாம் நபர் பாலிசியிலிருந்து அவர் குடும்பத்துக்கு ஒரு காசும் வராது. சிநேகிதனுடைய வண்டியை இரவல் வாங்கி ஓட்டினாலும் அதே கதிதான். கர்நாடகத்தில் அவ்வாறு இரவல் வண்டியில் சென்று மாட்டு வண்டியில் மோதி இறந்த ஒருவரின் வழக்கில், இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தையே அடைகிறார் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பின்னால் உட்கார்ந்து செல்பவரின் நிலை இன்னும் பரிதாபமானது: சட்டத்துக்குப் போதுமான வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், இலவசமாக ஏற்றிச் செல்லப்பட்ட பின்னிருக்கைக்காரருக்காகக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2006-லும் 2008-லும் தீர்ப்புகள் வந்தன. நம் ஊர்களில் அந்த இருக்கையில் அமர்ந்து செல்பவர்கள் பெரும்பாலும் மனைவிமாரும் தாய்மாரும் பள்ளிச் சிறுவர்களுமே. இந்தக் குறையைப் பாராளுமன்றம் இன்னும் சட்டத்தின் மூலமாகவே தீர்க்காதிருப்பது பெரிய அநீதி என்று கருதுகிறேன்.

பரிகாரத்தின் சில பகுதிகள் தமிழ்நாட்டிலிருந்தே புறப்பட்டிருப்பது நமக்குப் பெருமை. ஓட்டும் சொந்தக்காரருக்கான தனிநபர் விபத்துக் காப்பு இருசக்கர வண்டிகளுக்கு ரூ. 1 லட்சமாகவே கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி 2018-இல் அது ரூ. 15 லட்சமாக உயர்ந்தது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாகவே, அதே ஆண்டு செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிற்று.

மனுச் செய்யும் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. 1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக 2022 ஏப்ரல் முதல் மீண்டும் வந்திருக்கிறது: விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தாகவேண்டும். இவ்விதி செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்காக இருப்பினும், அதை நம்பி யாரும் காலந்தாழ்த்தலாகாது. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்குள் மனுவைப் போடுங்கள். அதற்கும் முன்பாக, இன்றைக்கே உங்கள் வண்டியின் பாலிசியை எடுத்து, சொந்தக்காரருக்கும் பின்னிருக்கையில் வருபவருக்கும் தனித்தனியே காப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையேல் அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.