பச்சிளங்குழந்தை செப்சிஸ்: குருதி, பாக்டீரியா ஆய்வு முடிவுகள்

பிறந்து 28 நாள் நிறைவதற்குள் கிருமித் தொற்று குருதியில் பரவி உடல் முழுவதையும் தாக்கும் நிலை பச்சிளங்குழந்தை செப்சிஸ் எனப்படும். முதல் 72 மணி நேரத்துக்குள் தோன்றுவது முன்தொடக்க வகை, அதன்பின் தோன்றுவது பின்தொடக்க வகை. பால் குடிக்காமை, துவண்டு கிடத்தல், உடல் சில்லிட்டுப் போதல், மூச்சு விட்டுவிட்டு நிற்றல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். குறைமாதக் குழந்தைகளுக்கு வேறு காரணங்களாலும் இவை வரும் என்பதால் ஆய்வகத்தின் துணை இன்றியமையாதது.

தொற்று என்றால் வெள்ளணுக்கள் பெருகும் என்ற பொதுவான எண்ணம் இங்கே அதிகம் உதவாது. நலமாகப் பிறந்த குழந்தைக்கே முதல் நாளில் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 9,000 முதல் 30,000 வெள்ளணுக்கள் வரை இருக்கலாம். எண்ணிக்கை 5,000-க்குக் கீழே இறங்குவதுதான் அதிக அச்சத்துக்குரியது. பச்சிளங்குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணு வகையின் இருப்பு மிகக் குறைவு. கடுந்தொற்றில் அது விரைவில் தீர்ந்துபோக, மஜ்ஜை முதிராத அணுக்களையும் குருதிக்குள் அனுப்பத் தொடங்குகிறது. முதிராதவை மொத்த நியூட்ரோபில்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் செப்சிஸ் ஐயம் வலுக்கும். நுண்ணோக்கியில் அணுக்களுக்குள் நச்சுத் துகள்களும் குமிழ்களும் தெரிவதுண்டு. தட்டணுக்களும் குறையும். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவும் பூஞ்சையும் தாக்கும்போது இந்தச் சரிவு கூடுதல். ஆனால் தாய்க்குக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு இருந்தாலே குழந்தைக்கு நியூட்ரோபில்லும் தட்டணுவும் குறையக்கூடும்.

இந்தக் கூறுகளைத் தொகுத்து 1988-இல் ராட்வெல் குழுவினர் ஏழு அளவுகோல்கள் கொண்ட மதிப்பீட்டு முறையை வெளியிட்டனர். மதிப்பெண் 2 அல்லது அதற்குக் கீழ் இருந்த குழந்தைகளுக்கு செப்சிஸ் இல்லாதிருக்கும் வாய்ப்பு 99 விழுக்காடு. 3 அல்லது அதற்கு மேல் இருந்தும் செப்சிஸ் உறுதியாகும் வாய்ப்பு 31 விழுக்காடுதான். குருதி எண்ணிக்கையின் உண்மையான பயன் இதில் விளங்குகிறது: நோய் இருக்கிறது என்று நிறுவ அது போதாது, இல்லை என்று ஒதுக்கவே பெரிதும் உதவும். தொற்றின்போது குருதியில் உயரும் சி-ரியாக்டிவ் புரதத்தின் சோதனையும் ஏறத்தாழ இப்படியே. தொற்று தொடங்கிப் பல மணி நேரம் கழித்தே அது உயர்வதால், முதல் சோதனை இயல்பாக வந்தாலும் ஒரு நாள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

நோயை உறுதிசெய்து கிருமியை அடையாளம் காட்டுவது, குருதியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன், தூய்மையாகத் துடைத்த தோல் வழியே குறைந்தது 1 மில்லிலிட்டர் குருதி எடுக்க வேண்டும். இதைவிடக் குறைந்தால், குருதியில் கிருமி சிறிதளவே இருக்கும் குழந்தைகளில் அது தப்பிவிடும். தானியங்கிக் கருவிகளில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் 48 மணி நேரத்துக்குள் வளர்ந்து தெரிந்துவிடும். தோலில் வாழும் கோயாகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் மட்டும் கவனம் தேவை. அது உண்மையான தொற்றாகவும் இருக்கலாம், குருதி எடுக்கையில் கலந்ததாகவும் இருக்கலாம்.

மேலை நாடுகளில் முன்தொடக்க செப்சிஸுக்கு, தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வரும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும் இ. கோலையும் முதன்மைக் காரணங்கள். இந்தியப் பெருமருத்துவமனைகளின் நிலை வேறு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு செப்சிஸ் வந்தது. கல்ச்சரில் உறுதியானது 6.2 விழுக்காட்டினருக்கு. கிடைத்த கிருமிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிராம்-நெகட்டிவ்: அசினெட்டோபாக்டர் 22, கிளெப்சியெல்லா 17, இ. கோலை 14 விழுக்காடு. வருந்தத்தக்கது என்னவென்றால், மருத்துவமனைச் சூழலில் நிலைத்து வாழும் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் முதல் மூன்று நாள்களிலேயே குழந்தைகளைத் தாக்கியிருந்தன. பிரசவ அறை, கைச்சுத்தம், கருவிகள் ஆகியவற்றின் மீது ஐயம் விழுவது இதனால்தான்.

அசினெட்டோபாக்டரில் 82, கிளெப்சியெல்லாவில் 54, இ. கோலையில் 38 விழுக்காடு பல மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்றவை. உலக சுகாதார நிறுவனம் முதல்நிலை மருந்துகளாகப் பரிந்துரைக்கும் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் இத்தகைய பிரிவுகளில் பல நேரங்களில் பலிப்பதில்லை. எனவே எந்த மருந்தில் தொடங்குவது என்பதை அந்தந்தப் பிரிவின் கல்ச்சர் முடிவுகளைத் தொகுத்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் திருத்தி முடிவு செய்கிறார்கள். கல்ச்சரில் எதுவும் வளராமல் குழந்தையும் நலமாக இருந்தால், 48 மணி நேரத்தில் மருந்தை நிறுத்திவிடலாம்.